சரஸ்வதி கடாட்சமும் சித்திரக்காரன் உழைப்பும்

ஒரு மனிதன் ஒரு காரியத்தை நன்றாகச் செய்துவிட்டால் அதற்குக் காரணம் அவனல்ல, கடவுள் என்று சொல்லுவதும், அதே மனிதன் ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டால் அதற்குக் காரணம் கடவுளல்ல, அவனேதான் என்று சொல்லுவதும் நமது நாட்டில் வெகு காலமாக நடந்துவரும் நியாயமாகும். வைத்தியர் பிழைக்க வைத்தால் அது சாமி புண்ணியம். நோயாளி செத்தால் அது வைத்தியரின் கைத்தவறு. இந்த விசித்திரமான நியாயம் விவசாயம், வைத்தியம், வான சாஸ்திரம் முதலிய துறைகளில் இப்போது ஒருவாறு ஆட்டம் கொடுத்துவிட்டது என்றாலும், கலை என்கின்ற கோட்டைக்குள் மாத்திரம் கடவுள் இன்னமும் பத்திரமாகக் குடியிருந்து வருகிறார். ஒருவன் நன்றாகப் பாடினால் அருள். நன்றாகச் சிலை செதுக்கினால் பூர்வ ஜன்ம வாசனை. நன்றாகச் சித்திரம் எழுதினால் சரஸ்வதி கடாட்சம். அவன் விரல் வீங்க எத்தனை வருஷம் கோடு போட்டுப் பழகினான், எத்தனை காகிதத்தைக் கிழித்தெறிந்தான் என்று கேட்பார் இல்லை.

இது வெறும் பக்திப் பேச்சாக மாத்திரம் இருந்தால் நாம் இவ்வளவு கவலைப்பட மாட்டோம். ஆனால் “அது பிறவியில் வரவேண்டும்” என்கிற வார்த்தைக்கு “உனக்கு வராது” என்பது மறு பாதி அல்லவா? கூலிக்காரன் மகன் பள்ளிக்கூடத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு மாட்டை எழுதினால் முதுகில் அடி விழுகிறது. வக்கீல் மகன் அதே மாட்டை எழுதினால் “ஆகா, பிறவி மேதை” என்று பெட்டி நிறையச் சாயம் வாங்கிக் கொடுக்கப்படுகிறது. இருபது வருஷம் கழித்து இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, “பார்த்தீர்களா, இவனுக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை, எல்லாம் பிறப்பில் இருக்கிறது” என்று தீர்ப்பும் சொல்லப்படுகிறது. ஆகவே சித்திரக்காரனுடைய கை எப்படி உண்டாகிறது, எப்படி மாறுகிறது என்கின்ற விசாரணை பணக்காரர்களின் பொழுதுபோக்கு விஷயமல்ல. நம்முடைய விஷயமே என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. மேல்நாடுகளில் இப்போது ஒரு புது வேலை நடந்து வருகிறது. செயற்கை நுண்ணறிவு என்று பேர் சொல்லப்படும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைக் கொண்டு, ஒரு சித்திரக்காரர் தம் ஆயுளில் எழுதிய சித்திரங்களை எல்லாம் வருஷ வாரியாக வரிசைப்படுத்தி, அவரது பாணி எப்போது மாறிற்று, எவ்வளவு மாறிற்று, எந்தப் பக்கமாக மாறிற்று என்று கணக்கெடுத்துப் பார்க்கிறார்கள். இதைக் கேட்டதும் கலா ரசிகர்கள் என்பவர்களில் ஒரு சாரார், “அழகை முழம் போட்டு அளப்பதா? அபசாரம்!” என்கிறார்கள். மற்றொரு சாரார், “யந்திரமே சொல்லிவிட்டது, இனி அப்பீல் இல்லை” என்கிறார்கள். இந்த இரு கூட்டத்தாரும் வெளிப் பார்வைக்கு விரோதிகளாகக் காணப்பட்டாலும், யோசிக்க மறுப்பதில் இருவரும் பங்காளிகளே யாவார்கள்.

முதலில் இந்த யந்திரம் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். ஒரு சித்திரத்தைப் போட்டோ பிடித்தால் அது லட்சக்கணக்கான சிறு புள்ளிகளாகவும், ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஒரு எண்ணாகவும் யந்திரத்துக்குள் போகிறது. இப்படி ஆயிரக்கணக்கான சித்திரங்களைக் காட்டி, இது இன்னார் எழுதியது, இது இன்ன காலத்தியது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். யந்திரம் தப்புச் சொல்லும் போதெல்லாம் அதன் உட்கணக்குகள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. இப்படியே பல்லாயிரந் தடவை திருத்திய பிறகு, கோட்டின் ஓரம், நிறத்தோடு நிறம் சேர்ந்திருக்கும் விதம், தூரிகை இழுப்பின் போக்கு முதலானவைகளில் எது எவருடைய அடையாளம் என்பது அதற்குப் பிடிபட்டு விடுகிறது. முடிவில் ஒவ்வொரு சித்திரமும் ஒரு எண் வரிசையாக ஆகிவிடும். இரண்டு வரிசைகள் கிட்ட இருந்தால் ஒத்த பாணி. எட்ட இருந்தால் மாறின பாணி. அவ்வளவுதான் சங்கதி. ஜவுளி வியாபாரி துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து இது இத்தனாம் நம்பர் நூல் என்று சொல்லுவதில் எவ்வளவு தெய்வீகம் இருக்கிறதோ, அவ்வளவு தெய்வீகந்தான் இதிலும் இருக்கிறது.

இந்த யோசனைகூட யந்திரத்தோடு பிறந்ததல்ல. 19-ம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்தில் மொரெல்லி என்று ஒருவர் இருந்தார். அவர் வைத்தியம் படித்தவர். பழைய சித்திரங்களில் எது குரு எழுதியது, எது சிஷ்யன் எழுதியது என்று பண்டிதர்கள் சண்டையிட்டுக் கொண்டிருந்தபோது, அவர் முகத்தையும் பாவத்தையும் விட்டுவிட்டுக் காதையும் விரல் நகத்தையும் பார்க்கச் சொன்னார். ஏனென்றால் முகத்தைக் கவனித்துக் காப்பி அடிக்கிறவன் காது வரும்போது அசட்டையாகத் தன் பழக்கப்படியே எழுதிவிடுவான் என்றார். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் பலர் அவரைப் பரிகாசம் செய்தார்கள். “மகான்கள் எழுதிய தேவமாதாவின் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்க்கிறான்” என்றால் பக்தர்களுக்குக் கோபம் வருமா, வராதா?

இனி ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். ஹாலந்து தேசத்து வின்சென்ட் வான் கோ என்பவரைப்போல் “பிறவி மேதை”, “பைத்தியத்தில் வந்த அருள்” என்று கதை கட்டப்பட்ட சித்திரக்காரர் வேறு இல்லை. புராணம் இப்படிப் போகிறது: அவர் சித்தம் கலங்கியவராம், அந்தக் கலக்கத்தில் ஏதோ ஒரு சக்தி அவர் கையைப் பிடித்து இழுத்ததாம், ஆகாயம் சுழன்றதாம், சித்திரம் பிறந்ததாம். உண்மைச் சரித்திரமோ வேறு. அவர் ஒரு பாதிரியாரின் மகன். சித்திரக் கடையில் குமாஸ்தா வேலை பார்த்தார், பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்தார், ஒன்றிலும் நிலைக்கவில்லை. பிறகு பெல்ஜியத்தில் போரினாஜ் என்கின்ற நிலக்கரிச் சுரங்கப் பிரதேசத்துக்கு மதப் பிரசாரம் செய்யப் போனார். போன இடத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் தரித்திரத்தைப் பார்த்துத் தம் துணிமணிகளைக் கொடுத்துவிட்டு, அவர்களைப்போலவே குடிசையில் கிடந்தார். 1879-ல் மத சபையார் அவரது வேலையை நீட்டிக் கொடுக்கவில்லை. கடவுளின் பேரால் சம்பளம் வாங்குவதற்கு அந்த அளவு இரக்கம் உதவாது போலும்!

அதற்குப் பின்தான், 1880-ல், 27-வது வயதில், அவர் சித்திரக்காரர் ஆவதென்று தீர்மானித்தார். பிறவி மேதை என்பவருக்கு 27 வயது வரையில் பிறவி எங்கே போயிருந்தது? தீர்மானித்த உடனே ஆகாயம் சுழலவும் இல்லை. பார்க் என்பவர் மாணவர்களுக்காகத் தயாரித்திருந்த சித்திரப் பாடப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு, சிறு பிள்ளை எழுத்துப் பலகையில் அரிச்சுவடி எழுதுவது மாதிரி, அதிலுள்ள படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பக் காப்பி எழுதினார். தூரத்துப் பொருள் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று சரிபார்ப்பதற்கு, 1882-ல் ஹேக் நகரத்தில் குறுக்குக் கயிறுகள் கட்டிய ஒரு சட்டம் செய்துகொண்டு, அதை வயலில் நாட்டி அதன் வழியாகப் பார்த்து எழுதினார். கலைக்குள் யந்திரம் வரலாமா என்று அலறுகின்றவர்கள் இந்தச் சட்டத்துக்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? நூனென் கிராமத்தில் குடியானவர்களின் தலைகளை மாத்திரம் டஜன் டஜனாக எழுதிப் பழகிவிட்டு, 1885-ல் உருளைக்கிழங்கு தின்பவர்கள் என்ற சித்திரத்தை எழுதினார். அது மண்ணும் கரியும் கலந்த நிறத்தில் இருட்டடித்துக் கிடக்கும்.

1886-ல் பாரிஸுக்குத் தம்பி தியோவிடம் வந்து சேர்ந்தார். அங்கே புதிய சித்திரக்காரர்களின் வெளிச்சமான நிறங்களையும், ஜப்பான் தேசத்து அச்சுப் படங்களையும் பார்த்தார். பார்த்தவுடன் மாறிவிட்டாரா என்றால், இல்லை. ஆளை உட்கார வைத்து எழுதக் கூலி கொடுக்கப் பணமில்லை. ஆகவே பூக்களை எழுதினார். பிறகு கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தையே 25 தடவைக்குமேல் எழுதினார். புதுத் துணி வாங்க வகையில்லாமல், நூனெனில் எழுதிய குடியானவர் தலைகளின் பின்புறத்தில் எழுதியவைகளும் அதில் உண்டு. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் கண்ணைப் பறிக்கும் என்று கண்டுபிடிப்பதற்காகப் பல நிறக் கம்பளி நூல்களை உருண்டை உருண்டையாகச் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருந்தார். அந்தச் சிவப்புப் பெட்டி இன்றும் இருக்கிறது. சரஸ்வதியின் வீணையை நாம் பார்த்ததில்லை. கம்பளி உருண்டைப் பெட்டியைப் போய்ப் பார்க்கலாம்.

இப்போது யந்திரத்தின் சாட்சியத்துக்கு வருவோம். 2012-ல் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், வான் கோவும் அவர் காலத்தவர்களும் எழுதிய 45 சித்திரங்களின் போட்டோக்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தூரிகை இழுப்பையும் கம்ப்யூட்டரைக்கொண்டு தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஒரு இழுப்பு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு நேர், பக்கத்து இழுப்புகளோடு எவ்வளவு ஒரே திசையில் போகிறது என்று கணக்கிட்டார்கள். முடிவு என்னவென்றால், வான் கோவின் இழுப்புகள் மற்றவர்களுடையதைவிட ஒழுங்கான உருவமும், அடுத்தடுத்துத் தாளம் போட்டாற்போன்ற வரிசையும் உடையவை என்பதாகும். பாரிஸ் காலத்துச் சித்திரங்களையும், அதற்குப் பின் ஆர்ல், சான் ரெமி ஆகிய தெற்கத்தி ஊர்களில் எழுதியவைகளையும் அவர்கள் தனித்தனியே நிறுத்தி ஒத்துப் பார்த்தார்கள்.

இதில் ஒரு சங்கதியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். பைத்தியத்தின் ஆவேசம் என்று எந்தத் தூரிகை வீச்சைப் புராணக்காரர் சொன்னாரோ, அந்த வீச்சு அளந்து பார்த்தால் ஒழுங்கு என்று தெரிகிறது. இதுவும் ஆச்சரியமில்லை. நோய் வந்த நாட்களில் அவரால் எழுத முடியவில்லை என்பதும், நோய் தெளிந்த நாட்களில்தான் எழுதினார் என்பதும் அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. அவர் எழுதிய கடிதங்கள் 800-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றில் நிறக் கணக்கும், சாயத்தின் விலையும், தம்பியிடம் பணம் கேட்பதும், எழுதின சித்திரத்தில் உள்ள குறைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று 2021-ல் வெளிவந்தது. நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையார் 2,128 சித்திரக்காரர்கள் முதலான கலைஞர்களின் சுமார் 8 லட்சம் படைப்புகளின் படங்களை யந்திரத்துக்குக் காட்டி, ஒவ்வொருவருடைய பாணியும் ஆயுளில் எப்படி அலைந்தது என்று பார்த்தார்கள். சினிமா டைரக்டர்களையும் விஞ்ஞானிகளையும்கூட இதே மாதிரி வேறு வழியில் கணக்கெடுத்தார்கள். அவர்கள் தேடியது என்னவென்றால், ஒருவனுக்குச் சில வருஷங்கள் தொட்டதெல்லாம் பொன்னாகிறதே, அந்தக் காலம் எப்படி வருகிறது என்பதாகும். நம்மவர்கள் இதற்குச் சுக்கிர தசை என்று பேர் வைத்து, அது எப்போது வரும் என்று சொல்ல ஜோசியனுக்குத் தட்சிணை கொடுத்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கண்டதோ இது: முதலில் பல பாணிகளில் பலவிதமாகத் துழாவிப் பார்ப்பதும், பின்பு அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே ஆழ உழுவதும் இந்த வரிசையில் நேர்ந்த இடத்தில்தான் அந்தக் காலம் பெரும்பாலும் துவங்குகிறது. வெறுமனே துழாவிக்கொண்டே இருந்தாலும் வருவதில்லை. துழாவாமல் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுதாலும் வருவதில்லை. வான் கோவுக்கு அது 1888 முதல் 1890 வரையில்; அமெரிக்கச் சித்திரக்காரர் ஜாக்சன் போலக் என்பவருக்குச் சாயத்தைத் துணிமேல் சொட்டவிட்டு எழுதிய 1947 முதல் 1950 வரையில். கிரகங்கள் எந்த வீட்டில் இருந்தன என்று அந்த யந்திரத்துக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

இந்தக் கணக்கை நாமும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. “நல்ல காலம்” என்பதை அவர்கள் எதை வைத்து நிர்ணயித்தார்கள்? சித்திரங்கள் ஏலத்தில் போன விலையை வைத்து. ஏலத்தில் கை தூக்குகிறவன் யார்? பணமூட்டை. அவன் கை தூக்கின இடமெல்லாம் கலை உச்சத்துக்குப் போய்விட்டது என்று சொல்லுவதானால், நாமும் கோயில் உண்டியல் கனத்தைப் பார்த்துச் சாமியின் சக்தியை நிர்ணயிக்கலாம். மற்றும், அந்த 2,128 பேர் யார்? சித்திரம் எழுத இடமும் நேரமும் கிடைத்து, எழுதினது காப்பாற்றப்பட்டு, காட்சிச் சாலைக்கும் ஏலத்துக்கும் வந்து சேர்ந்தவர்கள். பாரிஸ் நகரத்துப் பெரிய அரசாங்கச் சித்திரக் கலாசாலையில் 1897 வரையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பெண்களில் எத்தனை பேர் துழாவியிருப்பார்கள், எத்தனை பேர் உழுதிருப்பார்கள் என்று எந்த யந்திரத்தைக் கேட்பது? உள்ளே விடப்பட்டவர்களின் கணக்கை வைத்துக்கொண்டு, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் திறமை இல்லை என்று எவனாவது சொல்லத் துணிவானேயானால், அது பழைய மனுதர்மத்துக்குப் புது அச்சாபீஸ் வைத்ததாகவே ஆகும்.

பாணி மாறுவதற்கு உழைப்பு மாத்திரமே காரணம் என்றும் நாம் சொல்ல வரவில்லை. உடம்பும் ஒரு காரணம். பிரான்ஸ் தேசத்து மோனே என்கின்ற சித்திரக்காரர் வயதான காலத்தில் தமது தோட்டத்துக் குளத்தையும் ஜப்பான் பாலத்தையும் செம்பழுப்பு நிறமாக, உருவம் கலைந்துபோக எழுதினார். இதற்கு எத்தனை தத்துவார்த்தங்கள்! ஆனால் 1912-ல் அவர் கண்ணில் புரை விழுந்திருப்பதாக வைத்தியர்கள் சொன்னதும், 1923-ல் ஆபரேஷன் நடந்ததும் சரித்திரம். 2006-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக் கண் வைத்தியர் மார்மர் என்பவர், புரை விழுந்த கண்ணுக்கு அந்தத் தோட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் செய்து காட்டினார். மங்கி, மஞ்சளடித்து, நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பித் தெரிந்தது. இதனால் மோனே சின்னவராகிவிட்டாரா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. சாயக் குழாயில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் நிறம் எடுக்க வேண்டியிருந்த ஒரு கிழவர், விடாமல் எழுதினார் என்பதை அறிந்தால் மதிப்புக் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. அருள் என்று சொன்னவர்கள்தான் அந்தக் கஷ்டத்தை மறைத்தவர்கள்.

2017-ல் வேறொரு கூட்டத்தார் ஏழு சித்திரக்காரர்களின் 2,092 சித்திரங்களை எடுத்து, அவற்றில் சிறு பாகத்திலும் பெரும் பாகத்திலும் திரும்பத் திரும்ப வருகின்ற சிக்கலின் அளவை எண்ணாக்கிப் பார்த்தார்கள். பிற்காலத்தில் ஞாபக சக்தி அழிகின்ற நோயால் பீடிக்கப்பட்ட டி கூனிங், புரூக்ஸ் ஆகிய இருவருடைய சித்திரங்களில் அந்த எண், நோய் வெளியே தெரிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே இறங்கத் துவங்கிவிட்டது என்றும், நோயில்லாமல் முதுமையடைந்த மோனே, பிக்காசோ, சாகால் ஆகியோருடையதில் அப்படி இறங்கவில்லை என்றும் சொன்னார்கள். இது யோசிக்கத்தக்க சங்கதிதான். ஆனால் ஏழு பேர் என்பது ஏழு பேர்தான். இதை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒருவன், “உங்கள் பிள்ளையின் சித்திரத்தைக் கொண்டுவாருங்கள், பின்னால் வரப்போகும் வியாதியைச் சொல்லுகிறேன்” என்று போர்டு மாட்டினால், அவனும் கைரேகைக்காரனும் ஒரு தெருக்காரரே.

போர்டு மாட்டுவான் என்று நாம் சந்தேகப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஜாதகம் என்கின்ற புரட்டு ஓலையிலிருந்து காகிதத்துக்கு வந்து, காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து, “கம்ப்யூட்டர் ஜாதகம், தப்பே வராது” என்று விற்கப்பட்டதை நாமெல்லோரும் பார்த்தவர்கள்தானே! கூட்டல் கழித்தல் தப்பாது என்பது வாஸ்தவம். செவ்வாய்க்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு அது பதிலாகுமா? மேல்நாட்டுச் சித்திர வியாபாரத்திலும் இதே கூத்து ஆரம்பித்துவிட்டது. இத்தாலிய சித்திரக்காரர் ரபேல் எழுதியதா, அல்லவா என்று தகராறிலிருந்த டி பிரேசி வட்டச் சித்திரம் என்பதை, 2023-ம் வருஷம் ஜனவரியில் இங்கிலாந்திலுள்ள பிராட்போர்டு சர்வகலாசாலை யந்திரம் பார்த்து, அதிலுள்ள மாதாவின் முகம் ரபேலின் பிரசித்தமான சிஸ்டைன் மாதாவின் முகத்தோடு 97 சதவிகிதம் ஒத்திருக்கிறது என்றது. அதே வருஷத்திலேயே ஸ்விட்சர்லாந்து கம்பெனி ஒன்றின் யந்திரம், அது ரபேல் எழுதியதல்ல என்பதற்கு 85 சதவிகிதம் இடமிருக்கிறது என்றது. இரண்டும் யந்திரம்; இரண்டும் சதவிகிதம். இப்போது எந்த யந்திரத்துக்குத் தேங்காய் உடைப்பது?

நாம் கேட்பது தேங்காயல்ல, விவரம். 97 சதவிகிதம் என்றால் எதில் 97? முகத்தின் ஒற்றுமையிலா, கையின் ஒற்றுமையிலா? ஒருவர் எழுதிய முகத்தைப் பார்த்து மற்றொருவர் காப்பி எழுதினால் முகம் ஒத்துத்தானே இருக்கும்? முகம் ஒத்திருப்பது கையை நிரூபித்துவிடுமா? மொரெல்லி காதைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தானே! மற்றும், யந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வைத்திருந்த சித்திரங்கள் எத்தனை, அவை அசல்தான் என்று தீர்மானித்தது யார் என்பதும் வெளிவர வேண்டும். இது வீண் சந்தேகமல்ல. பெர்லினில் ஓட்டோ வாக்கர் என்கின்ற வியாபாரி, பேர் சொல்லக்கூடாத ஒரு ருஷியப் பிரபுவிடமிருந்து வந்தவை என்று சொல்லி, சுமார் முப்பது போலிச் சித்திரங்களை வான் கோ எழுதியவை என்று விற்றான். வான் கோ சித்திரங்களுக்கு முழு ஜாபிதா தயாரித்த டி லா ஃபாய் என்பவரே அவைகளை நம்பி 1928-ல் தம் ஜாபிதாவில் சேர்த்துவிட்டார். பிறகு போலி என்று தள்ளினார். 1932-ல் வழக்கு நடந்தபோது அவற்றில் சில அசல் என்று மறுபடியும் மாறினார். மற்ற நிபுணர்களும் ஒருவருக்கொருவர் விரோதமாகச் சாட்சி சொன்னார்கள். வாக்கருக்குத் தண்டனை கிடைத்தது. 1928-ம் வருஷத்து ஜாபிதாவை அப்படியே ஒரு யந்திரத்துக்குப் பாடமாக வைத்திருந்தால் அது என்ன கற்றுக்கொண்டிருக்கும்? வாக்கரின் கையையும் வான் கோவின் கை என்றே கற்றுக்கொண்டிருக்கும். கற்றுக்கொண்டதைத் தசாம்சத்தோடு சொல்லியும் இருக்கும்.

பழைய சித்திரத்தின்மேல் பின்னால் வந்தவர்கள் பூசின பூச்சையும், மெருகெண்ணெய் பழுத்ததையும், போட்டோ பிடித்த விளக்கின் நிறத்தையும்கூட யந்திரம் சித்திரக்காரனின் கைவேலையாக எடுத்துக்கொள்ளக்கூடும். 1888-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்ல் ஊரில் வான் கோ தாம் படுக்கும் அறையை ஒரு சித்திரமாக எழுதினார். மஞ்சள் கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். அது இன்று ஆம்ஸ்டர்டாம் காட்சிச் சாலையில் இருக்கிறது. பார்க்கிறவர் எவருக்கும் சுவர் நீலமாகவே தெரியும். யந்திரத்திடம் காட்டினாலும் நீலம் என்றுதான் எழுதிக்கொள்ளும். ஆனால் அதை எழுதியவர் தம் கடிதத்தில் சுவர் வெளிர் கத்தரிப்பூ நிறம் என்று குறித்திருக்கிறார். கடிதத்தைப் படித்தவர்களுக்குச் சந்தேகம் வந்து, ரசாயன சாஸ்திரிகள் சாயத்தைச் சோதித்துப் பார்த்ததில், நீலத்தோடு கலந்திருந்த சிவப்புச் சாயம் நூறு வருஷத்து வெளிச்சத்தில் வெளுத்துப் போய்விட்டதென்று தெரிந்தது. அந்தக் கடிதத்தையும் சோதனையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்காத வரையில், 1888-ல் வான் கோவுக்கு நீலத்தின்மேல் புதிதாக ஒரு மோகம் பிறந்தது என்றுதான் யந்திரம் பாணி மாற்றம் எழுதி வைக்கும்.